மஞ்சள் துணியில் முடிந்த காசும், மலைமேல் நின்றுபோன பணமும்

 

இன்னைக்கு ஸ்தல வரலாறு இல்லை, விரத முறையும் இல்லை. ஒரு கேள்வி மட்டும்தான். ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். முடியலை.

யாருமே தப்பு பண்ணாம ஒரு நஷ்டம் வந்தா, அதை யார் தாங்கணும்?

ஒருத்தன் ஏமாத்தினா அவன்தான் கட்டணும், அதுல விவாதமே இல்லை. கவனமில்லாம ஒருத்தர் பொருளை உடைச்சா உடைச்சவர் தரணும். இதுக்கெல்லாம் நம்ம ஊர்ல பஞ்சாயத்து அஞ்சு நிமிஷத்துல முடியும். ஆனா 2020 மார்ச்சில் நடந்தது அந்த மாதிரி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வந்தது. கடை மூடினது, ரயில் நின்னது, கோயில் கதவும் சாத்தினது. எல்லார் கையிலிருந்தும் பணம் போச்சு, எடுத்தவன்னு கை காட்ட ஆள் இல்லை. உங்கள்ல நிறைய பேர் அப்போ ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. 'ஆல் பாஸ்' பேட்ச்னு இன்னும் கிண்டல் வாங்குறவங்களும் இந்த குரூப்ல இருக்கீங்கன்னு தெரியும்! அந்த நாட்கள்ல வீட்டுப் பெரியவங்க போன்ல யார்கிட்டயோ பணத்துக்காக வாதாடிக்கிட்டு இருந்தது உங்க காதுல விழுந்திருக்கும். கல்யாண மண்டப அட்வான்ஸ், டூர் அட்வான்ஸ், ஹாஸ்டல் ஃபீஸ்... ஏதோ ஒண்ணு.

எங்க சொந்தத்துல நடந்ததை வெச்சே பேசுறேன்.

என் அத்தை வீடு திருச்சியில். அத்தானோட பையனுக்கு அப்போ ஒரு வயசு. முதல் மொட்டை பழனியிலன்னு பிறந்தப்பவே வேண்டுதல். மும்பையிலிருந்து சித்தப்பா குடும்பமும் வந்திருந்தாங்க. எல்லாரும் ஒண்ணா சேர்றது அபூர்வம், அதனால கொடைக்கானல்ல அஞ்சு ராத்திரி தங்கிட்டு, இறங்கி வரும்போது பழனியில மொட்டை போட்டு, காது குத்தி வீட்டுக்குத் திரும்புறதா பிளான். பத்துப் பேர், ஒரு வேன். மலையில ஒரு சின்ன ஹோம்ஸ்டே. மொத்தமே நாலு ரூம், அதுல மூணு இவங்களுக்கு. ரூமுக்கு ஒரு ராத்திரி 2,000 ரூபாய். அஞ்சு ராத்திரிக்கு 30,000. சீசன் நெருங்குதுன்னு முழுப் பணமும் முன்னாடியே அனுப்பியாச்சு. வேனுக்கு நாளைக்கு 4,500, டீசல் டிரைவர் பொறுப்பு, ஆறு நாள்.

மார்ச் மூணாவது வாரம் கிளம்பினாங்க. அப்போ ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்தாங்க. கை கழுவுங்க, கூட்டத்துக்குப் போகாதீங்கன்னு டிவியில சொல்லிக்கிட்டு இருந்தாங்களே தவிர, ஊரே பூட்டப்போகுதுன்னு யாருக்கும் தோணலை. ரெண்டு ராத்திரி தங்கினாங்க. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனாங்க. வானம் தெளிவா இருந்தா அங்கிருந்து பழனி மலை தெரியும்னு சொல்வாங்க இல்லையா, அன்னைக்குத் தெரிஞ்சுதாம். அப்பாயி அங்கேயே நின்னு கும்பிட்டுட்டு, "இரு சாமி, ரெண்டு நாள்ல வந்துடுறோம்"னு சொல்லிச்சாம்.

அந்த வாரத்துல மலையில ஒவ்வொண்ணா மூட ஆரம்பிச்சாங்க. பூங்கா மூடினது, படகு நின்னது. அப்புறம் தங்கியிருக்கிறவங்களைக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு உத்தரவு வந்ததா ஹோம்ஸ்டே ஓனர் வந்து நின்னார். இவங்களும் சண்டை போடலை. சின்னப் பிள்ளை இருக்கு, வயசானவங்க இருக்காங்க, ஊர் போய்ச் சேர்ந்தா போதும்னு மூட்டை கட்டிட்டாங்க. பழனி அடிவாரத்துக்கு வந்தா மேல போக பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அந்தச் சமயத்துல தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் எல்லாத்துலயும் நித்திய பூஜை உள்ளே நடந்தது, நாம உள்ளே போக முடியலை. வேனை ஓரமா நிறுத்தி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. அவ்வளவுதான் அந்த ட்ரிப்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி மஞ்சள்ல நனைச்ச துணியில பதினோரு ரூபாய் முடிஞ்சு, சாமி மாடத்துல வெச்சிடுச்சு. இந்த வழக்கம் உங்க வீடுகள்லயும் இருக்கும். வேண்டுதலைச் சொன்ன நேரத்துல செய்ய முடியலைன்னா காசு முடிஞ்சு வைப்பாங்க. 'மறக்கலை, கொஞ்சம் தவணை குடு'ன்னு அர்த்தம். அந்த வருஷம் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6. இருபத்தொரு நாள் ஊரடங்குக்கு நடுவுல வந்தது. கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி சுமந்து நடக்கிறவங்க, பால்குடம் எடுக்கிறவங்க, எல்லாரும் வீட்டுக்குள்ள. எத்தனை வீட்ல எத்தனை மஞ்சள் முடிச்சு விழுந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இப்போ பணத்துக்கு வருவோம்.

தங்காத மூணு ராத்திரிக்கு 18,000 ரூபாய் ஓனர்கிட்ட நிக்குது. அத்தான் கேட்டார். ஓனர் மறைக்காம சொன்னார்: "சார், உங்க பணத்துல கூரைக்கு ஷீட் மாத்திட்டேன். சீசனுக்குன்னு அரிசி, மளிகை வாங்கிப் போட்டுட்டேன். கையில இல்லை. ஊரடங்கு முடிஞ்சதும் வாங்க, அந்த மூணு ராத்திரி உங்களோடது." அத்தானுக்கு ஏப்ரல்லயிருந்து சம்பளத்துல முப்பது சதவீதம் கட். வீட்டு லோன் ஓடுது. "எப்போ திறப்பாங்கன்னே தெரியாது, எனக்குப் பணமா வேணும்" என்றார். தினமும் மெசேஜ். ஒரு கட்டத்துல ஒரு ஸ்டார் ரிவ்யூ போடுவேன்னு கூட எழுதினார். அவர் பேராசைக்காரர் இல்லைன்னு எனக்குத் தெரியும். பயம். அந்த மாசங்கள்ல எல்லாருக்கும் இருந்த அதே பயம்.

யார் பக்கம் நியாயம்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்த்துடலாம், அது சின்ன விஷயம். நம்ம நாட்டுல 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. அதுல 56-ஆவது பிரிவு: ஒப்புக்கொண்ட காரியம் பின்னால செய்யவே முடியாததாகவோ சட்டப்படி கூடாததாகவோ ஆயிட்டா, அந்த ஒப்பந்தம் செல்லாது. 65-ஆவது பிரிவு: செல்லாமப் போன ஒப்பந்தத்தால ஒருத்தர் ஏதாவது வாங்கியிருந்தா, அதைத் திருப்பித் தரணும், இல்லைன்னா ஈடு செய்யணும். எளிமையாப் பார்த்தா அத்தான் கேட்டதுல தப்பில்லை.

ஆனா இதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல வந்தப்போ நீதிபதிகளே தடுமாறியிருக்காங்க. கதை சுவாரசியமானது, சொல்லிட்டுப் போறேன். 1902 ஜூன் 26-ஆம் தேதி ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. அப்போ நம்ம ஊருக்கும் அவர்தான் சக்கரவர்த்தி. ஊர்வலம் போற தெருவுல இருக்கிற மாடி வீடுகளை வேடிக்கை பார்க்க ரெண்டு நாள் வாடகைக்கு விட்டாங்க. ஒருத்தர் 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு முன்பணம் கொடுத்திருக்கார். விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராஜாவுக்கு வயித்துல ஆபரேஷன். விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப் போச்சு. வீட்டுக்காரர் பாக்கி 50 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். ஊர்வலமே இல்லாத தெருவுக்கு எதுக்கு வாடகைன்னு, பாக்கி தர வேண்டாம்னு 1903-ல் தீர்ப்பு வந்தது. கொடுத்த முன்பணம்? அது வாங்கினவர்கிட்டயே நின்னுடுச்சு. அதே விழாவைப் பத்தின அடுத்த வழக்குல நீதிமன்றம் சொன்ன கணக்கு அதுதான்: நஷ்டம் விழுந்த இடத்துலயே கிடக்கட்டும். யார் கையில பணம் இருந்ததோ அவர் அதிர்ஷ்டசாலி. இது சரியில்லைன்னு அவங்களுக்கே புரிய நாற்பது வருஷம் ஆச்சு. 1943-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தாங்க: முன்பணத்தைத் திருப்பித் தரணும், ஆனா வாங்கினவர் அந்த ஒப்பந்தத்துக்காக ஏற்கெனவே செலவு செஞ்சிருந்தா, நியாயம்னு பட்டால் நீதிமன்றம் அதைக் கழிச்சுக்க விடலாம்.

அந்தக் கடைசி வரியிலதான் நம்ம ஹோம்ஸ்டே ஓனரோட மளிகையும் கூரை ஷீட்டும் வருது. நம்ம பணம் அவர் பெட்டியில தூங்கலை. அரிசியா, ஷீட்டா மாறிப்போச்சு.

சரி, சட்டத்தை விடுங்க. என் மனசுல உறுத்தினது வேற.

முருகனுக்கு நாம ஒரு கடன் பட்டிருந்தோம், மொட்டை. தேதி குறிச்ச கடன். அது முடியலைன்னதும் பதினோரு ரூபாயை முடிஞ்சு வெச்சுட்டு, "அவர் புரிஞ்சுப்பார்"னு நிம்மதியா தூங்கினோம். அவர் தினமும் மெசேஜ் அனுப்பலை. ரிவ்யூ போடுவேன்னு சொல்லலை. அதே வாரத்துல, அதே காரணத்தால, அதே நிலைமையில இன்னொருத்தர் நம்மகிட்ட தவணை கேட்டார். மூணு ராத்திரி பத்திரமா இருக்கு, அப்புறம் வந்து வாங்கிக்கங்கன்னார். அவரும் ஒரு மஞ்சள் முடிச்சுதானே நீட்டினார்? நாம வாங்க மாட்டேன்னோம்.

இதை நான் வீட்டுல சொன்னேன். அத்தான் ஒண்ணும் பேசலை. அப்பாயிதான் என்னை மடக்கிச்சு. "போடா, அது வேற இது வேற. முருகனுக்கு உன் முடியை வெச்சு என்ன ஆகணும்? அவருக்கு ஒண்ணும் வேண்டாம், அதனால காத்திருக்கார். இவனுக்கு மாசம் பிறந்தா லோன் கட்டணும். பிள்ளைக்குப் பால் வாங்கணும். இவன் எப்படிக் காத்திருப்பான்?"

நியாயமான அடி. தேவை இல்லாதவர் தள்ளிப் போடுறதும், தேவை இருக்கிறவர் தள்ளிப் போடுறதும் ஒண்ணு இல்லை. சாமி மாதிரி இருன்னு சம்பளம் வெட்டுப்பட்டவன்கிட்ட சொல்றது ரொம்பச் சுலபம், சொல்றவனுக்கு. ஆன்மிகம் பேசுறவங்க அடிக்கடி செய்ற வேலை இது. அடுத்தவன் பாக்கெட்ல இருக்கிற பணத்தை வெச்சுப் பெருந்தன்மை பேசுறது. அதனால 'விட்டுக்கொடு, முருகன் பார்த்துப்பார்'ங்கிற பதிலை நான் ஏத்துக்கலை. அத்தான் கேட்டதுல தப்பில்லை, கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது.

ஆனா அப்பாயி சொன்னதை இன்னும் ஒரு அடி தள்ளிப் பாருங்க. தேவைதான் அளவுகோல்னா, ரெண்டு பக்கத் தேவையையும் அளக்கணும் இல்லையா?

அந்த மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூணு மாசம் தள்ளிக் கட்டலாம்னு அறிவிச்சது ஞாபகம் இருக்கா? 'மாரட்டோரியம்'ங்கிற வார்த்தையை நம்ம ஊர்ல எல்லாரும் கத்துக்கிட்டது அப்போதான். அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டினாங்க. அத்தான் அதை எடுத்துக்கிட்டார். தவணை தள்ளிப் போச்சு, வட்டி மட்டும் நிக்கலை, ஓடிக்கிட்டே இருந்தது. அந்த வட்டிக்கு மேல வட்டி போடலாமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சண்டை நடந்தது. அப்போ அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "சம்பாதிக்க முடியாத நேரத்துல கழுத்துல கத்தி வெக்கிறாங்களே, இவங்களுக்கு மனசாட்சி இருக்கா?" நியாயமான கேள்வி. பேங்கைப் பார்த்து நாம கேட்ட அந்தக் கேள்வியை, மலைமேல இருக்கிற ஓனர் நம்மளப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

கடன் வாங்கின இடத்துல நிக்கும்போது நமக்கு ஒரு தர்மம் தெரியுது. கடன் கொடுத்த இடத்துக்கு நகர்ந்ததும் அது மறந்துபோகுது. நாம கெட்டவங்கன்னு சொல்ல வரலை. நம்ம வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியுது, அவர் வீட்டுக் கஷ்டம் மெசேஜ்ல ரெண்டு நீல டிக்காத்தான் தெரியுது. அவ்வளவுதான்.

அவர் பக்கம் என்ன ஆச்சுன்னு பாருங்க. கொடைக்கானல்ல வருஷத்து வருமானமே ஏப்ரல், மே-யிலதான். அந்தச் சீசன் முழுசாப் போச்சு. செப்டம்பர்லதான் இ-பாஸ் வாங்கிட்டு டூரிஸ்ட் வரலாம்னு விட்டாங்க. அதுக்குள்ள ஆறு மாசம். ஏரிக்கரையில குதிரை வெச்சிருக்கிறவங்களை யோசிங்க. குதிரைக்கு ஊரடங்கு தெரியுமா? காலையில கொள்ளு கேட்கும். சரி, ஆறு மாசத்துல முடிஞ்சுதுன்னு மூச்சு விட்டா, 2021 மே-யில ரெண்டாவது அலை, மறுபடி முழு ஊரடங்கு, அடுத்த சீசனும் காலி. அத்தானுக்குப் போனது மூணு நாள் சந்தோஷமும் 18,000 ரூபாயும். ஓனருக்குப் போனது ரெண்டு சீசன்.

அதனால 'ஆளுக்குப் பாதி'ங்கிற சமாதானமும் எனக்கு முழுசா ஒட்டலை. பாதிப் பாதின்னா காதுக்கு நியாயமாத்தான் இருக்கு. பத்துப் படி இருக்கிறவனும் ஒரு படி இருக்கிறவனும் ஆளுக்கு அரைப் படி போடுங்கன்னா அது சமமா? வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஒரு அதிகாரம் எழுதினார், ஒப்புரவுக்குத் தனியா இன்னொரு அதிகாரம் எழுதினார். ஏன் ரெண்டுன்னு ஸ்கூல்ல படிக்கும்போது எனக்குப் புரியலை. தராசைச் சாயாமப் பிடிக்கிறது ஒரு வேலை. ஊரோட சேர்ந்து வாழ்றவனுக்கு எது பொருந்தும்னு அறிஞ்சு செய்றது இன்னொரு வேலை. முதல் வேலையைக் கோர்ட்டு செய்யும். ரெண்டாவதை நாமதான் செய்யணும், யாரும் உத்தரவு போட மாட்டாங்க.

இங்க ஒரு விஷயத்தைக் கறாரா சொல்லிடுறேன், இல்லைன்னா இந்தக் கட்டுரையைத் தப்பான ஆளுங்க ஃபார்வர்ட் பண்ணுவாங்க. சித்தப்பா குடும்பத்துக்கு மதுரையிலிருந்து மும்பைக்கு மார்ச் 28-ஆம் தேதி டிக்கெட். 25-ஆம் தேதியிலிருந்து உள்நாட்டு விமானங்கள் நின்னுடுச்சு. மே 25 வரைக்கும் பறக்கவே இல்லை. அவங்க அத்தை வீட்டிலேயே தங்கிட்டாங்க, அது தனிக் கதை, அந்த ரெண்டு மாசம் அத்தை வீட்ல எத்தனை கிலோ இட்லி அரிசி போச்சுன்னு கேட்காதீங்க! டிக்கெட் பணத்தைக் கேட்டா, ஒரு பெரிய கம்பெனி, பேர் வேண்டாம், "பணமாத் தர மாட்டோம், 'கிரெடிட் ஷெல்'லா வெச்சுக்கங்க, அப்புறம் பறந்துக்கங்க"ன்னு சொல்லிடுச்சு. ஓனர் சொன்ன அதே பதில்தானே? கேட்கிறதுக்கு அப்படித்தான் இருக்கு. ஆனா போன் எடுக்க ஆள் இல்லை. ஏன் தர முடியலைன்னு விளக்கம் இல்லை. லட்சக்கணக்கான பேரோட பணம் அவங்ககிட்ட சேர்ந்து நிக்குது, கொடுத்தவன் ஒவ்வொருத்தனும் தனியா நிக்கிறான். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2020 அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பு: பதினஞ்சு நாள்ல பணத்தைத் திருப்பித் தர முயலணும். நிதி நெருக்கடியால முடியலைன்னா 2021 மார்ச் 31 வரைக்கும் கிரெடிட் ஷெல் வெச்சுக்கலாம், ஆனா மாசத்துக்கு அரை சதவீதம், அப்புறம் முக்கால் சதவீதம்னு அதோட மதிப்பு ஏறிக்கிட்டே போகணும். பயன்படுத்தலைன்னா கடைசியில காசாவே தந்துடணும்.

கவனிங்க, கோர்ட்டும் தவணை கொடுத்திருக்கு. கம்பெனியும் கஷ்டத்துலதான் இருக்குன்னு பார்த்திருக்கு. ஆனா சும்மா கொடுக்கலை. தேதி போட்டுக் கொடுத்தது. அந்த மாதிரி இடத்துல ஒரு ரூபாய் விடாம கேளுங்க, எழுத்துல கேளுங்க. பொறுமைங்கிறது ஆள் முகம் பார்த்துக் காட்டுறது. மறைஞ்சு நிக்கிறவனுக்குக் காட்டினா அது பொறுமை இல்லை, ஏமாளித்தனம். நம்ம ஓனர் போனை எடுத்தார். இல்லைங்கிறதை இல்லைன்னு சொன்னார். என்னைப் பொறுத்தவரை தவணை கேட்கிறதுக்கு அதுதான் தகுதி. 'சாமி சோதிச்சிட்டார், நான் என்ன பண்ணட்டும்'னு நம்பரை பிளாக் பண்ணிட்டுப் போனவங்களும் அப்போ இருந்தாங்க. சாமியைச் சாட்சிக்கு இழுத்தா கடன் கரையாது.

டிசம்பர்ல ஓனரே கூப்பிட்டார். டூரிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமா வராங்க சார், ஒம்பதாயிரம் அனுப்புறேன், மீதிக்கு எப்போ வேணா வந்து தங்கிக்கங்க என்றார். அத்தான் அதுக்குள்ள தணிஞ்சிருந்தார், சம்பளமும் பழையபடி வந்திருந்தது. "ஒம்பது வேண்டாம், ஆறு அனுப்புங்க. மத்ததைத் தங்குறப்போ பார்த்துக்கலாம்" என்றார். எப்படி அந்த ஆறுன்னு வந்தது? எந்தச் சட்டத்துலயும் இல்லாத கணக்கு. ரெண்டு பேரும் போன்ல பத்து நிமிஷம் பேசினதுல வந்த கணக்கு. எனக்கு அது 65-ஆவது பிரிவை விட நல்லா இருக்கு.

இதோட முடிச்சிருப்பேன். ஆனா இதை எழுதக் கணக்குப் போட்டுப் பார்த்தப்போதான் ஒண்ணு கண்ணுல பட்டது.

வேன்.

ஆறு நாள் பேசின வேன், மூணு நாள்ல திரும்பிடுச்சு. மூணு நாளுக்கு 13,500 ரூபாய் கொடுத்தாங்க. டிரைவர் அண்ணன் வாங்கிக்கிட்டு, "உடம்பைப் பார்த்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். மீதி மூணு நாள் வாடகை அவருக்கு வரலை. அந்த ஆறு நாளுக்காக வேற சவாரியை அவர் விட்டிருக்கலாம். அடுத்த வாரத்துலயிருந்து வேன் ஷெட்டை விட்டு நகரவே இல்லை. சொந்த வேன், அதுக்கும் லோன்.

ஓனர் விஷயத்துல மூணு மாசம் குடும்பமே விவாதம் பண்ணினோம். நானும் சட்டம், வள்ளுவர், முருகன்னு எல்லாத்தையும் இழுத்தேன். வேன் அண்ணனைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை, யாரும் பேசலை. ஏன்? ஓனர்கிட்ட இருந்தது நம்ம பணம். வேன் அண்ணனுக்குப் போகாம இருந்தது அவர் பணம், ஆனா அது நம்ம பையிலயே இருந்தது. நாம முதல்லயே கொடுத்துட்டு வராமப் போனா அதுக்குப் பேர் நஷ்டம். இன்னொருத்தருக்குப் போய்ச் சேரவேண்டியது நம்மகிட்டயே தங்கிட்டா அதுக்குப் பேரே இல்லை. லண்டன் கோர்ட்டு சொன்ன அதே கணக்கு: விழுந்த இடத்துலயே கிடக்கட்டும். அது தப்புன்னு மேல நீட்டி முழக்கினேனே, நம்ம பையைப் பொறுத்தவரை அது யாருக்கும் தப்பாவே படலை.

சட்டப்படி பார்த்தா அவருக்கும் ஒண்ணும் பாக்கி இல்லைன்னு சொல்லலாம். ஓடாத வேனுக்கு வாடகை எதுக்குன்னு கேட்கலாம். சரிதான். தங்காத ரூமுக்கு வாடகை எதுக்குன்னு கேட்டவங்க, அதையும் கேட்கத்தான் செய்வாங்க. ஆனா ரெண்டு கேள்வியிலும் லாபம் நம்ம பக்கமே வந்து நிக்குதுன்னா, தராசு எங்கேயோ சாயுதுன்னு சந்தேகம் வர வேண்டாமா?

யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்ல அந்த வருஷம் நின்னுபோன காரியம் எதுவா இருந்தாலும் சரி. கல்யாணம், காதுகுத்து, டூர். நமக்கு வராத பணத்தோட லிஸ்ட் எல்லாருக்கும் மனப்பாடம். மேளக்காரர், சமையல்காரர், பூக்காரம்மா, பந்தல் போடுறவர்... அவங்களுக்குப் போகாத பணத்தோட லிஸ்ட்?

2021-ல தைப்பூசக் கூட்டம் ஓய்ஞ்சதும் பிப்ரவரியில பழனிக்குப் போனாங்க. இந்தத் தடவை நானும் போனேன். பையனுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, உச்சியில குடுமி போட்டு விட்டிருந்தாங்க, பார்க்கிறவங்க எல்லாம் பொண்ணுன்னே நினைச்சாங்க. அத்தான் அதே வேன் அண்ணனைத்தான் கூப்பிட்டிருந்தார். வாடகை பேசும்போது பழைய மூணு நாள் பேச்சை எடுத்தாராம். "அதெல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சு சார், அதைப் போய்ப் பேசிக்கிட்டு"ன்னு அவர் கேட்கவே மாட்டேன்னுட்டார். மொட்டை அடிச்சு, சந்தனம் தடவி, அப்பாயி அந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்து உண்டியல்ல போட்டுச்சு. அத்தான் பர்ஸைத் திறந்து ரெண்டு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் உண்டியல் முன்னாடி நின்னார். அப்புறம் மறுபடி பர்ஸ்லயே வெச்சுட்டார்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் தாண்டி ஒரு பங்க்ல வேன் டீசலுக்கு நின்னது. அண்ணன் ஆயிரம் ரூபாய்க்குப் போடச் சொன்னார். அத்தான் இறங்கிப் போய், டேங்க்கை ஃபுல் பண்ணுங்கன்னு சொல்லிட்டு கார்டை நீட்டினார்.